பல் நாற்காலிக்கு அந்தப் பக்கம்

வேலையில் திருப்தி உண்டா என்று பல் டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் கை நம் வாய்க்குள் இருக்கும்போது கேட்கவும் வழியில்லை. வலி நின்றதும் நாம் எழுந்து வந்துவிடுகிறோம். நாற்காலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் அடுத்தவருக்காகக் கை கழுவப் போய்விடுகிறார். கோலா கங்சாரில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பல் பார்த்தவருக்கும் இன்று பார்க்கிறவருக்கும் தொழிலின் பெயர் ஒன்றுதான். அறை, கருவி, நோயாளி, படிப்பு, சட்டம், காசு எல்லாம் மாறிவிட்டன. அந்த மாற்றத்தில் டாக்டரின் மனநிறைவு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதுதான் என் கேள்வி.

கோலா கங்சார் பேராக்கின் அரச நகரம். 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியும் உபுடியா பள்ளிவாசலும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. தமிழர்களுக்கோ அது முதலில் ரப்பர் ஊர். 1877இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகப் பக்கம் இன்னும் மரமாக நிற்கிறது. அதன் வழி வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் பால்மரம் வெட்டினார்கள். காத்தி, பாடாங் ரெங்காஸ், எங்கோர், சாலாக், சுங்கை சிப்புட் என்று சுற்றிலும் தோட்டம். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டவுனுக்கு வருவார்கள். மளிகை வாங்க, துணி எடுக்க, படம் பார்க்க, அதோடு நாள்கணக்கில் கிராம்பு வைத்து அடக்கியிருந்த பல்வலிக்கு ஒரு முடிவு கட்ட.

அந்த முடிவைக் கட்டியவர்கள் யார்? போருக்கு முன் மலாயாவின் சிறு பட்டணங்களில் பல் வைத்தியம் பார்த்தவர்களில் ஜப்பானியர்கள் இருந்தார்கள், அவர்களைவிட அதிகமாகச் சீனர்கள் இருந்தார்கள். பலர் கல்லூரி வாசல் மிதிக்காதவர்கள். அப்பாவிடமோ முதலாளியிடமோ கூட நின்று கற்றுக்கொண்டவர்கள். முறையாகப் படிக்க இந்த வட்டாரத்தில் 1929 வரை இடமே கிடையாது. அந்த ஆண்டில்தான் சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1948இல் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது பட்டம் பெற்றவர்களை முதற்பிரிவிலும், பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்து வந்தவர்களை இரண்டாம் பிரிவிலும் பதிந்தார்கள். அரசாங்கம் அவர்களை ஓர் உத்தரவில் விரட்டியிருக்கலாம். விரட்டியிருந்தால் பல பட்டணங்களில் பல் பிடுங்க ஆளே இருந்திருக்காது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்தில் பல் மருத்துவப் புலம் உருவானது 1970களின் தொடக்கத்தில்தான். இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆறு, தனியார் ஏழு என்று பதின்மூன்று இடங்களில் பல் மருத்துவம் கற்றுத் தருகிறார்கள்.

பழைய கிளினிக் பெரும்பாலும் கடைவீட்டு மாடியில் இருக்கும். கீழே துணிக்கடையோ காப்பிக்கடையோ, பக்கத்தில் குறுகலான மரப்படி. மேலே ஒரே அறை, இரும்பு நாற்காலி, பக்கத்தில் துப்புகிற பீங்கான் கிண்ணம். துளை போடும் கருவி காலால் மிதித்தோ மோட்டாரில் பட்டை கட்டியோ ஓடும். மெதுவாகச் சுற்றும். அதனால் பல் சூடாகும், தாடை முழுக்க அதிரும். நோயாளி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். 1957இல் அமெரிக்காவில் காற்றால் சுழலும் கருவி விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்று அளவில் ஓடுவது. பேராக்கின் சிறு பட்டணங்களுக்கு அது வந்து சேர நாளாயிற்று.

அடைக்கும் வேலையை இன்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. சின்னக் கண்ணாடி உரலில் வெள்ளித்தூளைப் போட்டு, மேலே பாதரசம் விட்டு, குழவியால் அரைப்பார்கள். மசிந்ததும் துணியில் கட்டி, மிச்சப் பாதரசம் முத்து முத்தாக உதிரும்வரை வெறும் விரலால் பிழிவார்கள். அந்த விரலே அடுத்து வாய்க்குள் போகும். கையுறை கிடையாது, முகக்கவசமும் கிடையாது. கொறடு, ஊசி எல்லாம் கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும்.

ஆனால் அடைப்பது அபூர்வம். பிடுங்குவதுதான் அன்றாடம். தோட்டத்திலிருந்து வந்தவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தையாகத்தான் இருக்கும்: “புடுங்கிப் போட்டுருங்க டாக்டர் ஐயா, திரும்பத் திரும்ப வர முடியாது.” அதில் தப்பு காண முடியாது. வேலை நாளில் டவுனுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். காலை இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டியவருக்கு மூன்று தடவை வரச் சொல்லும் வைத்தியம் வைத்தியமே அல்ல. தோட்டத்து டிரசரிடம் வலி மாத்திரை கிடைக்கும், அதற்கு மேல் அவரிடமும் வழியில்லை. ஆகவே கடைவாய்ப் பல் ஒன்று போகும், அடுத்த வருடம் அதன் எதிர்ப்பல் போகும், நாற்பது நாற்பத்தைந்து வயதில் பல்செட். பல்செட்டின் அச்சை எடுத்ததும் அந்த டாக்டர்தான், பின்கட்டில் மெழுகு உருக்கிப் பல்லை அடுக்கியதும் அவரோ அவருடைய ஆளோதான். கலியாணத்துக்கு முன் முன்பல்லில் தங்கம் கட்டிக்கொண்டு சிரிக்கிற மாப்பிள்ளைக்கும் அவர்தான். ஒரு வாயில் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் ஒரே ஆள் செய்தார். மேல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்ப இடமும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த டாக்டருக்கு நிறைவு இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன். வேலை முடிந்ததை அவர் கண்ணால் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு படியேறியவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போவார். கட்டணம் அவர் சொன்னதுதான். ஐந்து வெள்ளி இல்லாதவரிடம் மூன்று வாங்கிக்கொள்ளலாம், அடுத்த சம்பளத்தில் தாருங்கள் என்று விடலாம். டுரியான் காலத்தில் ஒரு கூடை டுரியானும், தீபாவளிக்கு ஒரு தூக்குப் பலகாரமும் மாடிக்கு வரும். மூன்று தலைமுறையின் வாயை அவர் அறிவார். அப்பாவுக்கு எந்தப் பல்லின் வேர் வளைந்திருந்ததோ மகனுக்கும் அதே பல்லில் பார்த்து நிதானமாக இழுப்பார்.

இதையெல்லாம் சொல்லிப் பழைய காலமே பொற்காலம் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பாற்றக்கூடிய பல் என்று தெரிந்தே பிடுங்க வேண்டியிருந்ததைச் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ முறையாகப் படித்துவிட்டு வந்தவர் எப்படித் தாங்கினார்? படித்தது காப்பதற்கு, செய்தது பிடுங்குவதற்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே குனிந்து வேலை பார்த்ததில் இடுப்பும் கழுத்தும் போயின. பாதரச ஆவி எவ்வளவு உள்ளே போனது என்று அளந்தவர் இல்லை. பல நேரம் நோயாளிக்கும் டாக்டருக்கும் பொதுமொழி கிடையாது. அரைகுறை மலாயில் ‘சாக்கிட்’ (வலி) என்று சொல்லிப் பல்லைத் தொட்டுக் காட்டினால் அதுவே முழு விசாரணை. எத்தனை நாளாக வலிக்கிறது, சூடு பட்டால் வலிக்கிறதா, சர்க்கரை உண்டா என்ற கேள்விகளெல்லாம் பேச்சில் ஏறவே இல்லை.

மாற்றம் தொடங்கியது மாடிக் கிளினிக்குகளில் அல்ல, தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில். 1949இல் பினாங்கில் பல் தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளி திறந்தது. நியூசிலாந்தில் நடந்த திட்டத்தைப் பார்த்துச் செய்தது. பயிற்சி முடித்த பெண்கள் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாகப் பள்ளி பள்ளியாகப் போனார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் ‘பல் மிஸ்ஸி’. வெள்ளைச் சீருடை வாசலில் தெரிந்ததும் கழிவறைக்குள் ஒளிந்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 1972இல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது நாட்டின் கொள்கையாயிற்று. சத்தமில்லாமல் நடந்த வேலை அது. அதற்காக யாருக்கும் மாலை போட்டதாகத் தெரியவில்லை. விளைவு கணக்கில் தெரிகிறது. 1997இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு நிரந்தரப் பல்லில் சொத்தை இருந்தது. 2007இல் அது நான்காகவும் 2017இல் மூன்றாகவும் இறங்கியது. பெரியவர்கள் கதை வேறு. 2010 ஆய்விலும் பத்தில் ஒன்பது பேரிடம் சொத்தை கண்டார்கள். பள்ளியில் பல் மிஸ்ஸி பிடித்து வைத்துப் பார்த்தார். பள்ளியை விட்ட பிறகு நம்மைப் பிடிக்க யாருமில்லை.

இது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968இல் பெரியவர்களில் நூற்றுக்கு 37 பேர் வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்கள். 2009இல் இங்கிலாந்தில் அந்தக் கணக்கு 6. சுமார் நாற்பது வருடத்தில் ஒரு தொழிலின் உள்ளடக்கமே இப்படி மாறியிருக்கிறது.

பல்லைக் காக்கும் காலம் வந்ததில் நம் காட்டுக்கும் தோட்டத்துக்கும் பங்குண்டு. வேர் சிகிச்சையில் துப்புரவாக்கிய வேர்க்குழாயை நிரப்புவது கட்டாபெர்ச்சா என்ற பிசின். மலாயா, போர்னியோக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் அது. அதற்கு இணையான மாற்றுப்பொருள் நூற்றைம்பது ஆண்டாகியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பல்செட்டின் ஈறுப் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரில்தான் செய்தார்கள். அக்ரிலிக் வந்த பிறகுதான் அது மறைந்தது. எய்ட்ஸ் பரவியபின், 1986இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பல் மருத்துவத்துக்குத் தொற்றுத் தடுப்பு விதிகளை வெளியிட்டது. சில ஆண்டுகளில் உலகம் முழுக்க டாக்டர்கள் கையுறைக்குள் போனார்கள். அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டுதான் மலேசியாவின் கையுறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்றைய டாக்டர் கையில் இருப்பதோ பெரும்பாலும் நைட்ரைல், அதாவது செயற்கை ரப்பர். கோலா கங்சார் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது.

தோட்டம் கலைந்தது டாக்டரையும் தொட்டது. லயம் என்ற வரிசை வீடுகள் காலியானதும் மக்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, கிள்ளான் என்று பிரிந்து போனார்கள். மூன்று தலைமுறை வாயை அறிந்திருந்தவரிடம் நான்காம் தலைமுறை வரவில்லை. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. நெடுஞ்சாலை வந்தபின் ஊருக்கு நடுவே ஓடிய வண்டிகள் விலகிப் போயின. 2015இல் மின்ரயில் கோலா கங்சார் வழியாகப் பாடாங் பெசார்வரை நீண்டது. வாரக் கடைசியில் ஈப்போவுக்குப் போய்ப் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்வது, ஞானப்பல்லை அங்கே நிபுணரிடம் எடுத்துக்கொள்வது சுலபமாயிற்று. நோயாளிக்கு இது லாபம், சந்தேகமில்லை. ஆனால் ஊரில் இருக்கும் பொதுப் பல் டாக்டரிடம் மிஞ்சுவது சுத்தம் செய்வதும் சின்ன அடைப்பும், வேறெங்கோ போட்ட கம்பி அறுந்துபோனால் நறுக்கி விடுவதும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கை செய்த வேலை இன்று நாலு கைக்குப் பிரிந்துவிட்டது. தரம் கூடியது. ‘இது நான் செய்தது’ என்று முழுசாகச் சொல்லும் வாய்ப்புக் குறைந்தது.

மிஞ்சியிருப்பதிலும் கொண்டாடத்தக்கது இருக்கிறது. ஒரு வேர் சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தால் தெரியும். இன்றைய பல் டாக்டர்களில் பெரும்பான்மை பெண்கள். இங்கே வேலை பார்ப்பவரும் ஒரு பெண்தான். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி, அதில் சின்ன விளக்கு. பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் திரை கட்டி எச்சில் படாமல் தனிப்படுத்துகிறார். தலைமுடியைவிடச் சற்றே தடித்த, வளைந்தாலும் எளிதில் முறியாத நிக்கல்-டைட்டானியம் அரத்தைக் குழாய்க்குள் இறக்குகிறார். வேர் நுனியை நெருங்கும்போது பக்கத்தில் இருக்கும் கருவி கூவுகிறது, முதலில் விட்டு விட்டு, பிறகு நீளமாக. அந்த இடத்தைத் தாண்டினாலும் தவறு, வெகு முன்பே நின்றாலும் தவறு. கழுவி, உலர்த்தி, பிசினை நிரப்பிப் படம் எடுத்தால் வளைந்த வேர் முழுவதும் வெள்ளைக் கோடாகத் திரையில் விழுகிறது. அப்பா காலத்தில் ஒரே இழுப்பில் போயிருக்க வேண்டிய பல் அது. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் சிரிப்பது அப்போதுதான். ஐம்பது வருடத்துக்கு முந்திய டாக்டருக்கு இந்த மகிழ்ச்சி அநேகமாகக் கிட்டவே இல்லை.

இன்னொன்றும் அன்று இல்லை. இப்படி நிற்கிறவர் பால்மரம் வெட்டிய பாட்டியின் பேத்தியாக இருக்கலாம். லயத்துப் பிள்ளை பல் டாக்டராவது என்பது ஒரு காலத்தில் பேச்சுக்கும் வராத காரியம். மணிப்பால், பெங்களூர், சென்னை என்று இந்தியாவுக்குப் போய்ப் படித்து வந்தவர்கள் முதலில் வழி திறந்தார்கள். கெடா செமிலிங்கில் மஇகா கட்சியின் முயற்சியால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பிறகு பலருக்குக் கதவானது. காணியை விற்று, சேமநிதியை எடுத்து, கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார்கள். தனியார் கல்லூரியில் பல் மருத்துவம் முடிக்கச் சில இலட்சம் ரிங்கிட் வேண்டும். அதன் பலனாக, “பாட்டி, வாயை நல்லாத் தொறங்க, கொஞ்சம்தான் வலிக்கும்” என்று தமிழில் சொல்லும் குரல் ஒன்று கிளினிக்கில் இருக்கிறது. சூடு பட்டால் வலிக்கிறதா என்ற கேள்விக்குப் பாட்டியும் கதை கதையாகப் பதில் சொல்கிறார். இந்தப் பலனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்தப் பேத்தியின் நிலையைக் கேளுங்கள். 2001இல் பட்டம் பெற்ற பல் மருத்துவருக்கு அரசாங்கப் பணி கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பல் டாக்டர் பற்றாக்குறை, ஆளைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டில் கல்லூரிகள் பெருகி நிலைமை தலைகீழானது. 2016 கடைசியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் நிரந்தர நியமனம் இல்லை, ஒப்பந்தம்தான். ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு நிரந்தர நியமனம் உண்டு, மற்றவருக்கு ஒப்பந்தம் முடிந்தபின் வேலையே உறுதியில்லை. 2021 ஜூலை 26ஆம் தேதி நாடெங்கும் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டை அணிந்து மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றார்கள். பெருந்தொற்றின் உச்சத்தில் நடந்த அந்த ஹர்த்தால் மருத்துவர்களுக்கு மட்டுமானதல்ல, பல் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் அதே ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். ‘டாக்டராகிவிட்டால் கவலையில்லை’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெற்றோருக்கு இது இன்னும் புரியவில்லை. நமக்குத் தெரிந்த டாக்டர் படியில் ஏறினால் இறங்க வேண்டியதில்லை. இன்றைய படி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டியது.

தனியாகக் கிளினிக் போடலாமே என்பார்கள். போடலாம். அன்று தேவைப்பட்டது ஒரு மாடியும் ஒரு நாற்காலியும். இன்று தனியார் சுகாதார வசதிகள் சட்டம் 1998இன் கீழ் பதிய வேண்டும். 2006இலிருந்து அது கண்டிப்பாக நடக்கிறது. கிருமி நீக்கும் அழுத்தக் கொதிகலன், எக்ஸ்ரே உரிமம், மருத்துவக் கழிவுக்கு ஒப்பந்தம், ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ். 1971 சட்டம் போய் 2018இன் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. இவை எல்லாமே நோயாளிக்கு நல்லவை. கொதிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்ப யாருக்கு ஆசை? ஆனாலும் முதல் நோயாளி படியேறும் முன்னே கடன் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடன்தான் பிறகு எத்தனை நிமிடத்தில் ஒருவரை அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது. சங்கிலிக் கிளினிக்கில் சம்பளத்துக்குச் சேர்ந்தாலோ மாத இலக்கு முடிவு செய்கிறது. கூகுளில் நட்சத்திரம் குறைந்தால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். பற்களை ஒரே நாளில் வெள்ளையாக்கித் தருகிறோம் என்று அழகு நிலையத்தில் பொய்க் கம்பியும் பொய் உறையும் ஒட்டுகிற கூட்டம் இன்ஸ்டகிராமில் பாதி விலை சொல்கிறது. பிடிபட்டால் மூன்று இலட்சம் ரிங்கிட்வரை அபராதமும் ஆறு ஆண்டுவரை சிறையும் உண்டு. அப்படியும் ஆசைக்கு ஆள் குறையவில்லை. அவர்கள் கெடுத்த ஈறுகளைச் சரிசெய்ய வேண்டியவர் மறுபடி நம் பொது டாக்டர்தான். அதற்கு அவர் வாங்கும் கட்டணத்தைக் கேட்டு முகம் சுளிப்பவரும் அதே நோயாளிதான்.

இப்படிக் கணக்கு வைத்து வேலை வாங்குவதை இங்கிலாந்தில் அரசாங்கமே செய்து பார்த்தது. 2006இல் அங்கே பொதுப் பல் டாக்டருக்கு வேலை அலகுக் கணக்கில் கூலி என்று வைத்தார்கள். ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று அலகு, ஐந்து பல்லை அடைத்தாலும் மூன்று அலகு என்று பல ஆண்டு ஓடியது. ஐந்து பல் சொத்தையோடு வருகிற ஏழையைப் பார்த்து டாக்டர் மனசுக்குள் பெருமூச்சு விட வேண்டிய நிலை. பலர் அரசுத் திட்டத்தை விட்டு விலகினார்கள். கூலி குறைவு என்பது மட்டும் காரணமல்ல. தேவைப்படுகிறவருக்கு அதிக நேரம் கொடு என்று படிப்பு சொல்லும்போது, கொடுத்தால் நஷ்டம் என்று கணக்குச் சொன்னதுதான் அவர்களைச் சலிக்க வைத்தது.

1990இல் கலிபோர்னியாவின் பொதுப் பல் மருத்துவர்களிடம் வேலைத் திருப்தியை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். வருமானம், மரியாதை, உதவியாளர், சொந்த நேரம், மன அழுத்தம், நோயாளியோடான உறவு என்று கூறு கூறாகக் கேட்பது. பிறகு அது பல நாடுகளுக்குப் போயிற்று. போன இடங்களில் பெரும்பாலும் நோயாளியோடான உறவு மேல்வரிசையில் நிற்கிறது, மன அழுத்தமும் சொந்த நேரமும் கீழே கிடக்கின்றன. எனக்கு இதில் வியப்பில்லை. கோலா கங்சாரின் மாடிக் கிளினிக்கில் இருந்தவருக்கு நல்ல கருவி இல்லை, நல்ல மருந்தில்லை, இடுப்பும் நன்றாயில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு நேரம், யாரிடம் எவ்வளவு காசு என்பது அவர் கையில் இருந்தது. இன்றைய டாக்டருக்கு உலகத்தரக் கருவி இருக்கிறது, அந்த இரண்டும் கையில் இல்லை. இரண்டையும் திருப்பிக் கொடுத்தால் போதும், கருவியும் கல்வியும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒப்பந்தக்காரருக்கு நிரந்தர நியமனம் என்பது வெறும் சம்பளப் பிரச்சினை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஓர் ஊரில் பத்து வருடம் இருப்போம் என்று தெரிந்த டாக்டர்தான் அந்த ஊரின் வாயைப் படிப்பார்.

அப்படிப் படிக்க வேண்டிய வாய்கள் இன்னும் இருக்கின்றன. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதிலும் வெற்றிலை பாக்கு போடும் தோட்டத்துப் பெண்களிடம். பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது, புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. 1997இலிருந்தே சுகாதார அமைச்சு தோட்டங்களுக்குப் பல் மருத்துவர்களை அனுப்பி வாயைச் சோதிக்கிறது. சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, நாக்கின் ஓரம், அண்ணம் என்று விளக்கடித்துப் பார்க்கிறார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றைத் தேடுகிறார்கள். வலி இராது. அதனால்தான் யாரும் தாமாக வருவதில்லை. வலித்தபின் வந்தால் பல நேரம் பிந்திவிடுகிறது. வலிக்குமுன் கண்டுபிடித்தால் ஓர் உயிர். ஒரு பொது டாக்டர் தன் வேலைநாளில் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கப் பல் சுத்தம் செய்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் அன்றைய சம்பளத்துக்கும் மேல்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வெற்றிலை போடும் பாட்டியோ அம்மாவோ இருந்தால், பல் வலிக்கக் காத்திராமல் இந்த வருடமே ஒருமுறை பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கோலா கங்சாரிலும் சுங்கை சிப்புட்டிலும் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது, பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். டாக்டரிடம், “வாய் முழுக்கப் பார்த்துடுங்கம்மா” என்று கேளுங்கள். பார்க்க வேண்டிய முறை அவருக்குத் தெரியும்.